எட்டு பிற் கணினிகளுக்கு ஒரு பாஸ்கல் கம்பைலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டில், வேலை முடிந்து வந்த பின்னர் கிடைக்கும் மாலைப் பொழுதுகளில், இசட்80 என்ற எட்டு பிற் செயலியைக் கொண்ட பழைய கணினிகளுக்காகப் பாஸ்கல் கம்பைலர் ஒன்றை எழுதி வருகிறேன். பாஸ்கல் மொழியில் எழுதிய செய்நிரலை அந்தச் செயலி நேரடியாக நிறைவேற்றக்கூடிய இயந்திர மொழிக்கு மாற்றுவதே அதன் வேலை. இதைப் பார்க்க வரும் நண்பர்களும், பாடசாலையில் பாஸ்கல் படித்த மாணவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை ஓரிடத்தில் விரிவாக எழுதி வைக்கிறேன்.

எந்தக் கணினிகளுக்காக எழுதுகிறீர்கள்?

இரண்டு வகைக் கணினிகளுக்காக. ஒன்று, 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த சிங்கிளயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 48 கிலோபைற் நினைவகம் உள்ளது. மற்றது, சிபி/எம் இயக்குதளம் ஓடும் எந்த இசட்80 கணினியும். இரண்டிலும் செயலி ஒன்றே என்பதால் கம்பைலரின் பெரும்பகுதி பொதுவானது. எழுத்தைத் திரையில் இடுதல், விசைப்பலகையை வாசித்தல், கோப்பைத் திறத்தல் ஆகியவற்றைச் செய்யும் சிறு பகுதி மட்டும் வேறுபடுகிறது.

ஏன் பாஸ்கல்? அந்தக் கணினிகளுடன் பேசிக் மொழி கூடவே வந்ததே?

ஸ்பெக்ட்ரத்தின் பேசிக், ஒரு வரியை நூறு முறை நிறைவேற்ற வேண்டுமானால் நூறு முறையும் அந்த வரியை வாசித்து, அதிலுள்ள மாறியின் பெயரை ஒவ்வொரு முறையும் தேடிக் கண்டுபிடிக்கிறது. கம்பைலர் அந்த வேலையை ஒரே தடவையில் முடித்துவிடுகிறது. ஆகவே எட்டு பிற் கணினிக்குக் கம்பைலர் ஒன்று வேண்டும் என்பதில் கேள்வியே இல்லை. எந்த மொழிக்கு எழுதுவது என்பதே கேள்வி.

நிக்லவுஸ் விர்த் சூரிச்சில் வடிவமைத்து 1970இல் வெளியிட்ட பாஸ்கல், மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை வாசித்தபடியே மொழிமாற்றம் செய்யத்தக்க விதத்தில் அமைந்த மொழி. மாறிலிகளை முதலில் சொல்ல வேண்டும், பிறகு வகைகளை, பிறகு மாறிகளை, அதன் பின்னரே செயன்முறைகளை (பெயர் சொல்லி அழைக்கும் துணைநிரல்களை). எதையும் பயன்படுத்தும் முன் அறிவிக்க வேண்டும். இரண்டு செயன்முறைகள் ஒன்றையொன்று அழைக்கும்போது மட்டும், பின்னால் வரப்போவதை 'போவர்ட்' என்ற சொல்லால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் கண்டிப்பு என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வது எனக்குத் தெரியும், ஏனெனில் சாதாரண தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பாஸ்கல் எழுதிய பிள்ளைகள் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்கள். ஆனால் நினைவகம் சிறிதாக இருக்கும்போது அந்தக் கண்டிப்புத்தான் கைகொடுக்கிறது. ஒரு பெயரைக் காணும் கணத்திலேயே அது என்ன, எத்தனை பைற் இடம் பிடிக்கும், எந்த முகவரியில் இருக்கிறது என்பதெல்லாம் கம்பைலருக்குத் தெரிந்திருக்கிறது. வாசித்த வரியை ஞாபகத்தில் வைத்திருக்கவோ, முழுச் செய்நிரலையும் மரவடிவில் நினைவகத்தில் கட்டி எழுப்பவோ தேவையில்லை. செயன்முறை ஒன்று முடிந்தவுடன் அதற்குள் அறிவித்த பெயர்களையெல்லாம் அட்டவணையில் இருந்து வெட்டி, அந்த இடத்தை அடுத்த செயன்முறைக்குக் கொடுத்துவிடலாம்.

ஒரே வாசிப்பில் முடிக்கும்போது, இன்னும் வராத இடத்துக்குத் தாவ வேண்டியிருந்தால் என்ன செய்கிறீர்கள்?

'இஃப்' என்று தொடங்கும் கூற்றில் நிபந்தனை பொய்யானால் கூற்றின் முடிவுக்குத் தாவ வேண்டும், ஆனால் முடிவு எங்கே என்பது அப்போது தெரியாது. தாவல் கட்டளையை எழுதி, முகவரிக்குரிய இரண்டு பைற்றுகளை வெறுமையாக விட்டு, அந்த வெற்றிடத்தின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்கிறேன். முடிவை அடைந்ததும் திரும்பிப் போய் நிரப்புகிறேன். இதற்காகவே, கம்பைலர் ஸ்பெக்ட்ரத்திலேயே ஓடுவதானால், இயந்திர மொழியை நினைவகத்திலேயே உருவாக்க வேண்டியிருக்கும். சேமிப்பதற்காகக் கசற்றுக்கு அனுப்பிய பைற்றைத் திரும்பிப் போய்த் திருத்த முடியாது.

இசட்80இல் இரண்டு பைற் குறுந்தாவலும் மூன்று பைற் நெடுந்தாவலும் உண்டு. குறுந்தாவல் முன்னும் பின்னும் ஏறக்குறைய 128 பைற் தூரமே செல்லும். தூரம் முன்கூட்டித் தெரியாதபடியால் முன்னோக்கிய தாவல்கள் அனைத்தையும் நெடுந்தாவலாகவே எழுதுகிறேன். ஒரு பைற் கூடுதலாகப் போனாலும், நெடுந்தாவலுக்கு 10 துடிப்பு (துடிப்பு என்பது செயலியின் கடிகார அலகு), தாவும்போது குறுந்தாவலுக்கு 12 துடிப்பு என்பதால், தாவும்போது நேரத்தில் இழப்பு இல்லை.

ஒரு வரி எப்படி இயந்திர மொழியாக மாறுகிறது என்று காட்ட முடியுமா?

ஒரு மாறியின் மதிப்புடன் 3ஐக் கூட்டி, விடையை இன்னொரு மாறியில் இடும் வரியை எடுத்துக்கொள்வோம். பாஸ்கலின் முழு எண்ணுக்கு இங்கே இரண்டு பைற், அதாவது −32768 முதல் 32767 வரை. கட்டளைகளைப் பதின்ம எண்களாகவே தருகிறேன், ஸ்பெக்ட்ரம் பழகியவர்கள் நினைவகத்தில் எண்களை இட்டுப் பழகியதும் அப்படித்தான்.

கம்பைலர் எழுதத் தொடங்கும் எவரும் முதலில் எல்லா இடைவிடைகளையும் அடுக்கில் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவகப் பகுதியில்) தள்ளி எடுக்கும் வழியையே கையாள்வார்கள், நானும் அப்படியே செய்தேன். மாறியை எச்எல் பதிவகச் சோடியில் (பதிவகம் என்பது செயலிக்குள்ளேயே உள்ள சிறு நினைவிடம்) ஏற்ற 42உம் இரண்டு பைற் முகவரியும். அதை அடுக்கில் தள்ள 229. எச்எல்லில் 3ஐ ஏற்ற 33, 3, 0. தள்ளி வைத்ததை டீஈ சோடிக்கு எடுக்க 209. இரண்டையும் கூட்ட 25. விடையை நினைவகத்தில் எழுத 34உம் முகவரியும். மொத்தம் 12 பைற், 74 கடிகாரத் துடிப்பு.

இரண்டாவது உறுப்பு வெறும் எண்ணாக இருந்தால் அடுக்கைத் தொடவே வேண்டியதில்லை. 3ஐ நேரே டீஈயில் ஏற்றினால் (17, 3, 0) 10 பைற்றும் 53 துடிப்பும் போதும். இன்னும் பார்த்தால், எச்எல்லை ஒன்றால் கூட்டும் கட்டளைக்கு (35) ஒரே பைற், 6 துடிப்பு. அதை மூன்று முறை எழுதினால் 9 பைற், 50 துடிப்பு. கூட்ட வேண்டியது 4 ஆகிவிட்டால் இந்த வழி பைற்றில் சமமாகி, நேரத்தில் பின்தங்குகிறது. ஆகவே 3 வரைக்கும் ஒரு வழி, அதற்கு மேல் இன்னொரு வழி என்று கம்பைலருக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்பெக்ட்ரத்தின் செயலி ஒரு வினாடிக்கு 35 இலட்சம் முறை துடிக்கிறது. 74 துடிப்புக்கும் 50 துடிப்புக்கும் இடையே இருப்பது ஏழு மைக்ரோ வினாடிக்கும் குறைவான வேறுபாடுதான். பத்தாயிரம் முறை சுற்றும் வளையத்துக்குள் அந்த வரி இருந்தால் அதுவே ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு, விளையாட்டொன்றில் கண்ணுக்குத் தெரியும் தடங்கல்.

இப்படிச் சுருக்குவதற்கு, கடைசியாக எழுதிய சில பைற்றுகளைக் கம்பைலர் திரும்பிப் பார்க்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வேறெங்கிருந்தோ வரும் தாவல் அந்தப் பைற்றுகளின் நடுவில் வந்து விழக்கூடும் என்றால் அவற்றைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தாவல் இலக்கிலும் 'இதற்கு முன் எழுதியதைத் திரும்பிப் பாராதே' என்று குறித்து வைக்க வேண்டும். முதல் மாதத்தில் எனக்கு வந்த வழுக்களில் பாதி இந்தக் குறியை விட்டுவிட்டதால் வந்தவை.

யூசிஎஸ்டி பாஸ்கல் போல பீ-கோட் முறையைக் கையாளவில்லையே, ஏன்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கென்னத் போல்ஸ் தலைமையில் 1970களின் பிற்பகுதியில் உருவான யூசிஎஸ்டி முறையில், கம்பைலர் கற்பனைச் செயலி ஒன்றுக்கான கட்டளைகளையே எழுதும். அந்தந்தக் கணினியில் உள்ள சிறிய மொழிபெயர்ப்பி அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து நிறைவேற்றும். அப்பிள் நிறுவனம் 1979இல் அப்பிள் ஐஐ கணினிக்கு வெளியிட்ட பாஸ்கலும் இவ்வகையே. கட்டளைகள் கச்சிதமாக இருப்பதும், புதிய கணினிக்குக் கொண்டுபோவது எளிதாக இருப்பதும் இதன் பெரும் நன்மைகள். எனக்கு வேகம் முக்கியமாக இருந்தது, இலக்குக் கணினிகள் இரண்டிலும் செயலி ஒன்றே என்பதால் இடம்பெயர்ப்பு எனக்குத் தேவைப்படவும் இல்லை. வெவ்வேறு செயலிகளுக்கு எழுத நினைப்பவர் பீ-கோட்டையே தெரிவுசெய்வது நல்லது என்பேன்.

செயன்முறைக்குள் அறிவிக்கும் மாறிகளை எங்கே வைக்கிறீர்கள்?

இதுதான் எட்டு பிற் கம்பைலரின் மிகக் கடினமான முடிவு. பாடநூல் சொல்லும் வழி, செயன்முறை அழைக்கப்படும் ஒவ்வொரு தடவையும் அடுக்கில் புதிதாக இடம் ஒதுக்குவது. இசட்80இல் அதற்கு ஐஎக்ஸ் பதிவகத்தை அடித்தளமாகக் கொண்டு மாறியை எட்ட வேண்டும். அப்படி இரண்டு பைற் மாறியொன்றை ஏற்ற 6 பைற்றும் 38 துடிப்பும் ஆகின்றன. நிலையான முகவரியில் உள்ள மாறியை எச்எல்லில் ஏற்ற 3 பைற்றும் 16 துடிப்பும் போதும். வேகத்தில் இரண்டு மடங்குக்கு மேல், இடத்தில் சரியாக இரண்டு மடங்கு.

நிலையான முகவரியையே எல்லா மாறிகளுக்கும் கொடுத்துவிட்டால், தன்னைத் தானே அழைக்கும் செயன்முறை தன் முந்தைய மதிப்புகளை அழித்துக்கொள்ளும். 1980களில் சிபி/எம்முக்கு வந்த டர்போ பாஸ்கல் இதற்கு நேர்மையான தீர்வு ஒன்றைக் கண்டது. வழமையாக நிலையான முகவரி. தன்னைத் தானே அழைக்கும் செயன்முறைகளை எழுத வேண்டியவர், மூலநிரலில் சிறப்புக் குறிப்பொன்றை இட்டு அதைத் தெரிவிக்க வேண்டும். நானும் அதே வழியைப் பின்பற்றினேன், ஒரு மாற்றத்துடன். செயன்முறையின் உடலுக்குள் அதன் சொந்தப் பெயரே அழைக்கப்படுவதைக் கண்டால் கம்பைலர் பிழை காட்டி நின்று, குறிப்பை இடும்படி கேட்கிறது. செயன்முறை இரண்டாவது ஒன்றின் வழியாகச் சுற்றிவந்து தன்னை அழைத்தால் ஒரே வாசிப்பில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பொறுப்பை எழுதுபவரிடமே விட்டிருக்கிறேன்.

உங்களை மிகவும் வதைத்த வழு எது?

இசட்80இல் ஐஎக்ஸ் போலவே ஐவை என்ற இன்னொரு பதிவகமும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த செயன்முறைகளில், வெளிச் செயன்முறையின் மாறிகளை எட்டுவதற்கு ஐவையைப் பயன்படுத்தினேன். சிபி/எம்மில் எல்லாம் சரியாக ஓடியது. ஸ்பெக்ட்ரத்தில் மட்டும், பெரிய எழுத்து 'ஏ' இருக்க வேண்டிய மாறியில் சில வேளைகளில் சிறிய எழுத்து 'ஏ' இருந்தது. அதாவது 65 இருந்த இடத்தில் 97. வேறு எந்த எண்ணும் கெடவில்லை. செய்நிரலை மூன்று இரவுகள் வரி வரியாகப் படித்தும் அந்த மாறியில் எழுதும் வேறொரு வரியைக் காணவில்லை.

நான்காம் நாள் அக்காவின் மகன் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. "மாமா, நான் கீயை அமத்தினால்தான் எழுத்து மாறுது, சும்மா விட்டால் மாறேல்லை" என்றான். அதைக் கேட்டதும் விளங்கிவிட்டது. ஸ்பெக்ட்ரத்தின் றோம் (மாற்ற முடியாத நினைவகத்தில் கணினியுடனேயே வரும் நிரல்), ஐவை எப்போதும் 23610 என்ற முகவரியைக் காட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பியே எழுதப்பட்டது. ஒரு வினாடிக்கு 50 முறை, ஓடும் செய்நிரலைச் சற்று நிறுத்திவிட்டு வரும் இடையூட்டின்போது விசைப்பலகை வாசிக்கப்படுகிறது. விசை அழுத்தப்பட்டிருந்தால், ஐவை காட்டும் இடத்துக்கு அடுத்த பைற்றில் 32 என்ற பெறுமதியுள்ள பிற்றை றோம் ஒன்றாக்குகிறது. அந்தப் பைற்றில் என்னுடைய எழுத்து இருந்தது. 65உடன் 32ஐச் சேர்த்தால் 97.

அன்றிலிருந்து ஸ்பெக்ட்ரத்துக்கான பதிப்பில் ஐவையைத் தொடுவதேயில்லை. வெளிச் செயன்முறையின் அடித்தள முகவரி நினைவகத்தில் இருக்கிறது, தேவைப்படும்போது எச்எல்லுக்கு வருகிறது.

பெருக்கல், வகுத்தல், தசம எண்கள்?

இசட்80க்குப் பெருக்கவோ வகுக்கவோ தெரியாது. பதினாறு சுற்றுகள் இடம்பெயர்த்துக் கூட்டும் சிறு துணைநிரல் ஒன்று பெருக்கலைச் செய்கிறது. அணியின் உறுப்பை எட்டும் ஒவ்வொரு தடவையும் சுட்டெண்ணை உறுப்பின் அளவால் பெருக்க வேண்டியிருப்பதால், இந்தத் துணைநிரலை அழைக்காமல் தப்புவது எப்படி என்பதிலேயே உழைப்பு போகிறது. உறுப்புக்கு இரண்டு பைற் என்றால் எச்எல்லைத் தன்னுடனேயே கூட்டினால் முடிந்தது, ஒரு பைற், 11 துடிப்பு. பத்து பைற் பதிவுகள் என்றால் எட்டு மடங்கையும் இரண்டு மடங்கையும் தனித்தனியே எடுத்துக் கூட்டலாம்.

எதிர் எண்களின் வகுத்தலில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. −7ஐ 3ஆல் வகுத்தால் மீதி என்ன? பாஸ்கலின் சர்வதேசத் தரநிர்ணயப்படி 2, டர்போ பாஸ்கலில் −1. பழைய செய்நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக −1ஐத் தெரிவுசெய்தேன்.

தசம எண்களுக்கு ஸ்பெக்ட்ரத்தில் றோமில் உள்ள ஐந்து பைற் கணிப்பானையே அழைக்கிறேன். அது மெதுவானது, ஆனால் ஏற்கெனவே றோமில் இருப்பதால் என் நினைவகத்தில் இடம் பிடிப்பதில்லை. சிபி/எம்முக்கு அப்படியொன்று இல்லாததால் நானே எழுத வேண்டியதாயிற்று.

கம்பைலர் அந்தப் பழைய கணினியிலேயே ஓடுமா, அல்லது இன்றைய மடிக்கணினியில் ஓடுகிறதா?

இப்போதைக்கு மடிக்கணினியில். கம்பைலரையே பாஸ்கலில் எழுதி, பிறீ பாஸ்கல் என்ற இன்றைய கம்பைலரால் மொழிமாற்றுகிறேன். அது உருவாக்கும் இயந்திர மொழியை எமுலேட்டரிலோ (பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளிலோ) உண்மையான கணினியிலோ ஏற்றி ஓட்டுகிறேன். கம்பைலர் தன்னைத் தானே மொழிமாற்றி, இசட்80 இயந்திரத்திலேயே குடியேற வேண்டும் என்பது என் விருப்பம். பாஸ்கலின் பிறப்பே அப்படி நடந்ததுதான். சூரிச்சில் முதல் கம்பைலரை போர்ட்ரான் மொழியில் எழுத எடுத்த முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் கம்பைலரைப் பாஸ்கலிலேயே எழுதி, அதைக் கையால் வேறொரு மொழிக்கு மாற்றி, அதன் மூலம் அதையே மொழிமாற்றினார்கள்.

ஸ்பெக்ட்ரத்தில் பேசிக் செய்நிரல் தொடங்கும் இடமாகிய 23755 முதல் நினைவகத்தின் கடைசி முகவரியான 65535 வரை 41,781 பைற் உண்டு. கம்பைலர், மூலநிரல், பெயர் அட்டவணை, உருவாகும் இயந்திர மொழி ஆகிய நான்கும் அதற்குள் ஒன்றாக இருக்க வேண்டும். என் கம்பைலர் இன்னும் அந்த வீட்டுக்குள் அடங்கவில்லை. அடங்கக்கூடியதுதான் என்பதில் ஐயமில்லை. டென்மார்க்கின் அன்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், நாஸ்கொம் என்ற இசட்80 கணினிக்காக எழுதிய பாஸ்கல் கம்பைலர் 12 கிலோபைற் றோமில் அடங்கியது. அந்த உழைப்பின் தொடர்ச்சியாகவே 1983 நவம்பரில் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டொலருக்கு வெளியிட்டது. எழுதும் கருவியும் கம்பைலரும் ஒன்றாக நினைவகத்தில் இருந்து, பிழை நேர்ந்த இடத்திலேயே சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தும் அமைப்பு அதில் இருந்தது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: முதல் பிழையைக் கண்டதும் நின்றுவிடுவது. பிழைக்குப் பின்னும் தொடர்ந்து வாசித்து மேலும் பிழைகளைத் தேடுவதற்கு எழுத வேண்டிய நிரல் மிகப் பெரியது. மொழிமாற்றம் சில வினாடிகளில் முடியும்போது, ஒரு பிழையைத் திருத்தி மறுபடியும் தொடங்குவது எவருக்கும் சுமையல்ல.

கொமடோர் 64க்கும் செய்வீர்களா?

உடனடியாக இல்லை. அதன் 6510 செயலி 6502 குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் பதினாறு பிற் பதிவகம் கிடையாது, வன்பொருள் அடுக்கு 256 பைற் மட்டுமே. ஆனால் அதன் வேகத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். இரண்டு மாறிகளைக் கூட்டி மூன்றாவதில் இட, மாறிகள் முதல் 256 பைற்றுக்குள் இருந்தால், 6502க்கு 13 பைற்றும் 20 துடிப்பும் ஆகும். 1 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தில் அது 20 மைக்ரோ வினாடி. அதே வேலைக்கு 3.5 மெகாஹேர்ட்ஸ் இசட்80இல் 11 பைற், 63 துடிப்பு, அதாவது 18 மைக்ரோ வினாடி. அதே 6502 குடும்பச் செயலியைக் கொண்ட அட்டாரி கணினிகளை நாடுபவர்களுக்கு 'மேட் பாஸ்கல்' என்ற சிறந்த கம்பைலர் ஏற்கெனவே உண்டு.

தமிழில் எழுத்துகளைக் காட்ட முடியுமா?

முடியும். இதில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி கிடைத்தது.

ஸ்பெக்ட்ரத்தின் ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். 'ட', 'ப', 'ம' ஆகியவை அதற்குள் அழகாகவே அமர்கின்றன. 'ண'வை அமர்த்திப் பாருங்கள். இரண்டு சுழியும் அவற்றுக்குப் பின் ஒரு வளைவும் நேர்க்கோடும் எட்டுப் புள்ளி அகலத்தில் வருவதற்குள் சுழிகள் அடைபட்டுக் கரும்புள்ளிகளாகி, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே அகலமான எழுத்துகளுக்கு இரண்டு கட்டங்களைக் கொடுத்தேன். பயனர் வரையக்கூடிய 21 எழுத்துகள் போதவே போதாது. 23606 முகவரியில் உள்ள, எழுத்துரு எங்கே இருக்கிறது என்று சொல்லும் மதிப்பை மாற்றி, 96 எழுத்துகள் கொண்ட 768 பைற் எழுத்துரு ஒன்றை நானே கொடுத்தேன்.

எழுத்துகளைக் குறியேற்றும் முறைக்கு, இலங்கையில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவின் வழியே பொருத்தமாக இருந்தது. அதில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பைற். 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே பைற்றுகள் வருகின்றன. யுனிகோட்டில் 'க' முதலில் வந்து கொம்பு பின்னால் வரும், திரையில் இடும்போது இடம் மாற்ற வேண்டும். பாமினி வழியில் அந்த வேலையே இல்லை. என் கம்பைலரில் சரத்தின் (எழுத்துத் தொடரின்) முதல் பைற் நீளத்தைச் சொல்லும், அதிகபட்சம் 255. 'கொழும்பு' என்ற சொல் கொம்பு, க, கால், ழு, ம, புள்ளி, பு என்று ஏழு பைற்றில் அமைகிறது.

'பிகின்', 'எண்ட்' போன்ற சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ச் சொற்களை வைப்பீர்களா?

இல்லை. பழைய செய்நிரல்கள் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பதே இக்கம்பைலரின் முதல் நிபந்தனை.

சரியாக வேலை செய்கிறது என்பதை எப்படி உறுதிப்படுத்துகிறீர்கள்?

விடை முன்கூட்டியே தெரிந்த செய்நிரல்களை ஓட்டுவதன் மூலம். 1980களில் கம்பைலர்களை ஒப்பிடுவதற்குப் பரவலாகப் பயன்பட்ட பகா எண் சல்லடைச் செய்நிரல் 1899 என்ற விடையைத் தர வேண்டும். சதுரங்கப் பலகையில் எட்டு இராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்கும் வழிகளைத் தேடும் செய்நிரல் 92 என்று முடிய வேண்டும். முன்னது அணிகளையும் வளையங்களையும் சோதிக்கிறது, பின்னது தன்னைத் தானே அழைக்கும் செயன்முறைகளை.

இவை இரண்டும் சரியாக ஓடிய பின்னரும் ஒரு வழு மறைந்திருந்தது. −30000, 30000ஐ விடச் சிறியதா என்று கேட்டபோது 'இல்லை' என்று கம்பைலர் சொன்னது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, விடை எதிர் எண்ணா என்று மட்டும் பார்த்திருந்தேன். கழித்தால் −60000, அது பதினாறு பிற்றுக்குள் அடங்காமல் 5536 ஆகி நேர் எண்ணாகத் தெரிகிறது. குறியுடன் சேர்த்து, எல்லை மீறியதைக் காட்டும், செயலியின் கொடியையும் (ஒரு பிற் அடையாளத்தையும்) பார்க்க வேண்டும். இப்போது எண்களின் இரு எல்லைகளையும், பூச்சியத்தையும், அவற்றின் அயல் எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் தனிச் சோதனை ஒன்று வைத்திருக்கிறேன்.

கொழும்பில் இப்படியான கணினி கிடைக்குமா?

எப்போதாவது. என்னுடையதை வாங்குவதற்கு முன்னர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் பலரிடம் சொல்லி வைத்திருந்தேன். வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ற் மின்வழங்கியில் நடு முனை எதிர்மின். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் 9 வோல்ற் வழங்கிகளில் நடு முனை நேர்மின். மாற்றிச் செருகினால் கணினி கெட்டுவிடும். அடுத்தது கடற்காற்று. காலி வீதிக்குக் கடற்பக்கமாக வசிப்பவர்கள், பின்புற இணைப்பின் செப்புத் தொடுகைகளை அடிக்கடி துடைத்து, கணினியை மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

கணினி கிடைக்காதவர்கள் வருந்த வேண்டியதில்லை. 'பியூஸ்' போன்ற எமுலேட்டர்கள் துடிப்புக் கணக்கையும் பிசகாமல் காட்டுகின்றன. கையால் ஒட்டிப் பொருத்த விரும்புவோருக்கு ஆர்சி2014 என்ற இசட்80 கணினித் தொகுதி உண்டு, சிபி/எம் அதில் ஓடும். 1976 முதல் விற்பனையில் இருந்த இசட்80 செயலியின் உற்பத்தியை நிறுத்துவதாக அதைத் தயாரித்த சைலொக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. ஆகவே உதிரிச் செயலி ஒன்றை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

இந்த நகரத்துக்கும் சிபி/எம்முக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பதையும் சொல்ல விரும்புகிறேன். 1984இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றின் திரைக்கதை உருவானபோது, கொழும்பில் வசித்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த இயக்குநர் பீற்றர் ஹயம்ஸுடன் கேப்ரோ கணினியும் மோடமும் கொண்டு தொலைபேசி வழியே கடிதம் பரிமாறினார். அந்தக் கேப்ரோவின் உள்ளே இருந்தது 64 கிலோபைற் நினைவகமும் ஓர் இசட்80உம். நான் உருவாக்கும் சிபி/எம் கோப்புகள் அப்படியானதொரு கணினியில் ஓடக்கூடியவை.

நானும் கம்பைலர் எழுதிப் பார்க்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

கம்பைலரை மறந்துவிட்டு, கூட்டலும் பெருக்கலும் அடைப்புக்குறியும் உள்ள ஒரு கணக்கை வாசித்து விடை சொல்லும் செய்நிரல் ஒன்றை எழுதுங்கள். மூன்று சார்புகள் போதும். முதலாவது, உறுப்புகளைக் கூட்டல் கழித்தல் குறிகளால் இணைக்கும். இரண்டாவது, காரணிகளைப் பெருக்கல் குறியால் இணைக்கும். மூன்றாவது, ஓர் எண்ணை வாசிக்கும், அல்லது அடைப்புக்குறியைக் கண்டால் முதலாவது சார்பையே மறுபடி அழைக்கும். பெருக்கல் ஏன் கூட்டலுக்கு முன் நடக்கிறது என்பது அந்த மூன்றும் ஒன்றையொன்று அழைக்கும் ஒழுங்கிலேயே இருக்கிறது. பாஸ்கலின் இலக்கணம் முழுவதையும் இதே முறையில், விதிக்கு ஒரு செயன்முறையாக எழுதிவிடலாம்.

அது ஓடியதும், விடையைக் கணிக்கும் இடங்களில் கணிக்காமல், மேலே காட்டிய 33, 229, 33, 209, 25 ஆகிய எண்களை வரிசையாக அச்சிடச் செய்யுங்கள். பெருக்கலை அப்போதைக்கு விட்டுவிடலாம். அந்த எண்களை எமுலேட்டரில் 32768ஆம் முகவரியிலிருந்து இட்டு, இறுதியில் விடையை எச்எல்லில் இருந்து பீசி சோடிக்கு மாற்றும் 68, 77 ஆகிய இரண்டையும், திரும்பிச் செல்லும் கட்டளையாகிய 201ஐயும் சேர்த்து, பேசிக்கின் 'யூஎஸ்ஆர்' சார்பால் அழைத்தால் விடை திரையில் வரும். மாறிகளையும் 'வைல்' வளையத்தையும் அதற்குப் பிறகு சேருங்கள், செயன்முறைகளைக் கடைசியாக.